பச்சை மீனை எப்படிச் சாப்பிடுறது? சுஷி கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பச்சை மீனையா திங்கிறாங்க? அதுவும் சோத்து மேல வச்சா?" சுஷி என்ற பேச்சை எடுத்தால் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் முதலில் வரக்கூடிய கேள்வி இதுதான். மீனே தெரியாத ஊர் என்றால் இந்தத் தயக்கத்தில் வியப்பில்லை. ஆனால், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்தது பாகூர். அதே கொம்யூனின் கடலோரத்தில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று மீனவ கிராமங்கள் இருக்கின்றன. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் நெல்லையும் மீனையும் போன்ற இரண்டு பொருட்களை வைத்துத்தான் ஜப்பானியர்கள் சுஷியை உருவாக்கினார்கள்.

முன்பெல்லாம் சினிமாவில் மட்டும் பார்த்த இந்த உணவு இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர்கள் உண்டு. பாரிஸில் சுஷி கடை இல்லாத வட்டாரம் அபூர்வம். இந்தப் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூரில் யமஹா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் இருப்பதால், சென்னையிலும் ஜப்பானிய உணவகங்கள் நிலைத்துவிட்டன. ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்றாவது ஒருநாள் சுஷி தட்டு முன்னால் வந்து நிற்கும். அந்த மேசையில் என்ன கேட்பது, எதைத் தொடுவது, எதைத் தவிர்ப்பது? முக்கியமாக, உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

சுஷி என்றால் பச்சை மீனா?

இல்லை. சுஷி என்பது சோறு. அரிசி வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பக்குவப்படுத்திய புளிப்புச் சோறுதான் சுஷியின் அடிப்படை. அந்தச் சொல்லின் வேர்ப்பொருளே புளிப்பு என்பதுதான். சோற்றின் மேலோ உள்ளேயோ வைப்பது பச்சை மீனாக இருக்கலாம், வேகவைத்த இறாலாக இருக்கலாம், முட்டை, வெள்ளரிக்காய், அவகாடோ எதுவாகவும் இருக்கலாம்.

சோறே இல்லாமல் வெறும் பச்சை மீன் துண்டுகளை மட்டும் அடுக்கி வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. மெனுவைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். பச்சை மீன் வேண்டாம் என்பவர்களும் சுஷி கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஆரம்பத்தில் சோற்றைத் தூக்கி எறிந்தார்களாமே?

உண்மைதான். மீனைக் கெடாமல் வைத்திருக்க மீகாங் ஆற்றுப் பகுதி மக்கள் கண்டுபிடித்த முறையிலிருந்து சுஷி வந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மீனில் உப்பு தடவி, சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் மூடி வைப்பார்கள். சோறு புளிக்கும். அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். பிறகு மீனை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூழாகிப்போன சோற்றைக் கொட்டிவிடுவார்கள். ஜப்பானின் பிவா ஏரிக் கரையில் ஏரி மீனை வைத்து இன்றும் இப்படிச் செய்கிறார்கள். அதற்கு ஃபூனாசுஷி என்று பெயர்.

இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. இலங்கையில் உப்பும் கொறுக்காப்புளியும் போட்டு மீனை ஊறவைக்கும் ஜாடி, நம்ம ஊர்க் கருவாடு, பழைய சோறு எல்லாமே உப்பையும் புளிப்பையும் வைத்து உணவைக் காப்பாற்றும் வழிகள்தான்.

காலப்போக்கில் ஜப்பானியர்கள் சோறு புளிக்கும்வரை காத்திருக்காமல், வினிகர் ஊற்றி உடனே புளிப்பாக்கத் தொடங்கினார்கள். 1820-களில் இன்றைய டோக்கியோவான எடோ நகரில், கையால் பிடித்த சோற்றுருண்டை மேல் மீன் துண்டு வைத்து விற்கும் வழக்கம் பரவியது. ஹனயா யோஹெய் என்ற சமையல்காரரின் பெயரை இதனுடன் சேர்த்துச் சொல்வார்கள். இன்று நட்சத்திர ஹோட்டலில் விற்கும் நிகிரி சுஷி, அன்று தெருவோரத் தள்ளுவண்டியில் நின்றபடியே சாப்பிடும் பலகாரம். நம்ம ஊர் பஜ்ஜி, போண்டா மாதிரி. 1923-ல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த சமையல்காரர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்கள் மூலம் இந்த வகை நாடெங்கும் பரவியது. 1958-ல் ஒசாகா பக்கத்தில் ஷிராயிஷி யோஷியாகி என்பவர், பீர் ஆலையில் பாட்டில்கள் பெல்ட்டில் நகர்வதைப் பார்த்து, தட்டுகள் தானாக நகர்ந்து வரும் சுஷி கடையைத் திறந்தார். சாமானியர்களும் குடும்பத்தோடு போகும் கடையாக அது மாறியது.

பொன்னி அரிசியில் சுஷி பிடிக்க முடியுமா?

கஷ்டம். காரணம் மாவுச்சத்து. அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. அமைலோஸ் அதிகம் இருந்தால் சோறு உதிரி உதிரியாக வரும். குறைவாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். சாம்பார் ஊற்றிப் பிசைய நமக்கு உதிரிச் சோறு வேண்டும். குச்சியால் எடுத்துச் சாப்பிடும் ஜப்பானியருக்கு ஒட்டும் சோறு வேண்டும். அதனால் அவர்கள் ஜப்பானிக்கா என்ற குட்டை, உருண்டை அரிசியைப் பயிரிடுகிறார்கள். நம்முடையது இண்டிக்கா.

ஆனால் இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நாம் சாப்பிடும் பொன்னி சுத்தமான இண்டிக்கா கிடையாது. அதன் பெற்றோரில் ஒன்று தைச்சுங் 65. தைவான் ஜப்பானிய ஆட்சியில் இருந்தபோது உருவாக்கப்பட்ட ஜப்பானிக்கா ரகம் இது. 1950-களில் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இண்டிக்காவையும் ஜப்பானிக்காவையும் ஒட்டுச் சேர்க்கும் சர்வதேசத் திட்டம் ஒன்று நடந்தது. அதில் பிறந்த வாரிசு மலேசியாவில் மசூரி என்ற ரகமாக வளர்ந்தது. அதுவே தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியானது. பிபிடி 5204 என்று விவசாயிகள் சொல்லும் ரகத்துக்கும் மசூரிதான் ஒரு முன்னோடி. ஆக, சுஷி அரிசிக்கும் நம்ம வீட்டுப் பொன்னிக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. குணம் மட்டும் இண்டிக்கா பக்கம் சாய்ந்துவிட்டது.

நல்ல சுஷி சோறு கை ஒட்டாமல், வாயில் போட்டதும் பிரிய வேண்டும். உடல் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போகும். கடையில் வந்த சுஷியின் சோறு சில்லென்று கெட்டியாக இருந்தால், அது முன்னாடியே செய்து வைத்தது என்று புரிந்துகொள்ளலாம்.

பச்சை மீன் ஆபத்தில்லையா?

ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் சுஷி கடைகள் மெனக்கெடுகின்றன. 'ஃபிரெஷ்ஷா இருந்தா போதும், பச்சையா சாப்பிடலாம்' என்பது தவறான எண்ணம். கரைக்கு வந்து ஒரு மணி நேரமே ஆன மீனிலும் புழு இருக்கலாம்.

கடல் மீனில் இருக்கும் அனிசாகிஸ் என்ற புழு, உயிரோடு வயிற்றுக்குள் போனால் குடல் சுவரைக் குத்திக் கடும் வலியை உண்டாக்கும். இதைக் கொல்ல இரண்டே வழிதான் நம்பகமானவை. ஒன்று வேகவைப்பது. இன்னொன்று உறைய வைப்பது. பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவுத் துறையின் வழிகாட்டுதல். சில சூரை இனங்களுக்கும், தீவனம் போட்டு வளர்க்கும் சில மீன்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியைத் தாண்டாது. அடிக்கடி திறந்து மூடுவது, மின்வெட்டு எல்லாம் சேர்ந்தால் அதுவும் நிற்காது. எலுமிச்சைச் சாறு, வினிகர், வசாபி எதுவும் இந்தப் புழுவைக் கொல்லாது.

உறைய வைத்தால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பாக்டீரியாக்கள் குளிரில் தூங்கும், சாகாது. விப்ரியோ என்ற கடல்நீர்க் கிருமி வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொரு விஷயம் சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவக்கும், தலைவலி வரும், உடம்பெல்லாம் தடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் இது போகாது. குழம்பு மீன் வாங்கும்போதும் ஐஸ் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

ஊசுடு ஏரி மீனில் செய்தால்?

வேண்டவே வேண்டாம். ஊசுடு ஏரியோ பாகூர் ஏரியோ, எந்த நன்னீர் மீனையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. விரால், கெண்டை, கட்லா எதுவும் விலக்கல்ல. நன்னீர் மீன்களில் வரும் புழுக்கள் கடல் மீன் புழுக்களைவிட மோசமானவை. தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தால் கல்லீரல் புழுத் தொற்றும், அதைத் தொடர்ந்து பித்தநாளப் புற்றுநோயும் பரவலாகக் காணப்படுகின்றன. இந்தப் புழுக்களைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகள் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. பிவா ஏரிக் கரையின் ஃபூனாசுஷியிலும் ஏரி மீனை அப்படியே பச்சையாக வைப்பதில்லை. உப்பிலும் சோற்றிலும் நீண்ட காலம் ஊறவைத்தே சாப்பிடுகிறார்கள்.

நம்ம கடல் சூரை ஏன் சுஷி ஆவதில்லை?

2019 ஜனவரியில் டோக்கியோவின் டொயோசு சந்தையில் நடந்த புத்தாண்டு முதல் ஏலத்தில், 278 கிலோ எடையுள்ள ஒரு நீலத்துடுப்புச் சூரை 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. விளம்பரத்துக்காகக் கூட்டிக் கேட்ட விலை அது என்றாலும், சூரைக்கு அங்கே இருக்கும் மரியாதை அதில் தெரிகிறது.

வங்காள விரிகுடாவில் நீலத்துடுப்பு கிடைக்காவிட்டாலும் மஞ்சள் துடுப்புச் சூரை கிடைக்கிறது. அதுவும் சஷிமிக்கு ஏற்ற மீன்தான். பிரச்சினை பிடிக்கும் விதத்திலும் படகில் வைக்கும் விதத்திலும் இருக்கிறது. சூரை வெப்ப ரத்தம் ஓடும் மீன். வலையில் மாட்டித் துடிக்கும்போது உடல் இன்னும் சூடாகும். சதை வெளுத்து, குழைந்துவிடும். சஷிமிக்குப் போக வேண்டும் என்றால் தூண்டிலில் பிடித்து, உடனே கொன்று, ரத்தத்தை வடித்து, செவுளும் குடலும் நீக்கி, ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். ஜப்பானுக்குப் போகும் உயர்தரச் சூரையை மைனஸ் 60 டிகிரியில் வைக்கிறார்கள். அந்த அளவு குளிரூட்டும் வசதி சிறு ஃபைபர் படகில் சாத்தியமில்லை. அதனால் அதே மீன் இங்கே குழம்புக்கும் கருவாட்டுக்கும் போகும் விலையில் கைமாறுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகத் தமிழ்நாட்டின் பாக் நீரிணை மீனவர்களுக்காக 2017 ஜூலையில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் தூண்டில் படகு வாங்கலாம் என்பதே அந்தத் திட்டம். 80 லட்சம் ரூபாய் படகுக்கு 70% மானியம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஆனால் படகு கிடைத்தால் மட்டும் போதாது. ஐஸ், குளிர்பதனக் கிடங்கு, வேகமாகச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கும் வழி, தரத்துக்கு ஏற்ற விலை கொடுக்கும் வியாபாரி என்று மொத்தச் சங்கிலியும் வேண்டும். சுஷி தட்டில் நாம் கொடுக்கும் காசு மீனுக்கு மட்டும் இல்லை. இந்தக் குளிர்ச் சங்கிலிக்கும்தான்.

மெனுவில் என்ன எழுதியிருக்கும்?

- நிகிரி: கையால் பிடித்த சோறு, மேலே ஒரு துண்டு மீன் அல்லது இறால். இறால் பெரும்பாலும் வேகவைத்தது.
- மக்கி: கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி வெட்டியது. முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சுலபம்.
- உராமக்கி: பாசி உள்ளேயும் சோறு வெளியேயும் இருக்கும் சுருள். கலிஃபோர்னியா ரோல் இந்த வகை. பாசியைப் பார்த்துத் தயங்கிய அமெரிக்கர்களுக்காக அங்கே பிரபலமானது.
- தெமாக்கி: கோன் ஐஸ்கிரீம் மாதிரி சுருட்டியது. கையில் பிடித்தே சாப்பிட வேண்டும்.
- இனாரி: இனிப்பாக ஊறவைத்த டோஃபு பைக்குள் அடைத்த சோறு. மீன் கிடையாது.
- சிராஷி: கிண்ணத்தில் சோறு, மேலே பல வகை மீன் துண்டுகள்.

'கிராப் ஸ்டிக்' என்று போட்டிருந்தால் அது நண்டு இல்லை. மீன் சதையை அரைத்து, நிறமும் மணமும் சேர்த்து வேகவைத்தது. சால்மன் சுஷியைப் பாரம்பரியம் என்று நினைக்க வேண்டாம். புழுவுக்குப் பயந்து ஜப்பானியர்கள் சால்மனைப் பச்சையாகச் சாப்பிட்டதில்லை. 1980-களின் நடுவில் நார்வே தன் பண்ணை சால்மனை அங்கே விற்க எடுத்த முயற்சிதான் அந்தப் பழக்கத்தை உருவாக்கியது.

கையால் சாப்பிட்டால் கேவலமாகப் பார்ப்பார்களா?

மாட்டார்கள். நிகிரி, மக்கி இரண்டையும் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே ஏற்கப்பட்ட வழக்கம். குச்சி பிடிக்க வரவில்லை என்று கூச்சப்படத் தேவையில்லை. சஷிமிக்கு மட்டும் குச்சி.

சோயா சாஸில் மீன் பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். சோற்றை முக்கினால் உப்பு ஏறி உதிர்ந்துவிடும். ரசம் ஊற்றுவதுபோல மேலே ஊற்றுவதும் வேண்டாம். பச்சை நிறத்தில் இருக்கும் வசாபியைப் புதினா சட்னி என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டுவிடக் கூடாது. காரம் நாக்கில் நிற்காது, நேராக மூக்குக்கு ஏறும். கடுகு அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே குடும்பத்துக் காரம். பெரும்பாலான கடைகளில் தருவது உண்மையான வசாபிகூட இல்லை. குதிரைமுள்ளங்கியும் கடுகும் கலந்து பச்சை நிறம் சேர்த்தது. பக்கத்தில் இருக்கும் இஞ்சி ஊறுகாய், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும்போது மட்டும்தான் ஜப்பானியர்கள் அப்படி வைப்பார்கள்.

சைவக்காரர்கள் என்ன கேட்க வேண்டும்?

வெள்ளரிக்காய் மக்கி, அவகாடோ மக்கி, இனாரி என்று கேட்கலாம். ஆனால் மிசோ சூப் சைவம் என்று நம்பிவிடக் கூடாது. அதன் அடிப்படையான தாஷி பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற மீன் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். சூரையின் ஒரு வகையை வேகவைத்து, புகையில் உலர்த்தி, கட்டை மாதிரி இறுக்கியது அது. தென்கடலோரத்திலும் இலங்கையிலும் சம்பலுக்குப் போடும் மாசிக் கருவாடும் அதே மீன், கிட்டத்தட்ட அதே முறை. இனாரி டோஃபுவையும் தாஷியில் ஊறவைப்பதுண்டு. 'மீன் சாறு சேர்த்திருக்கிறீர்களா?' என்று தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. மது தவிர்ப்பவர்கள் மிரின் பற்றிக் கேட்க வேண்டும். அது அரிசி மது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயா சாஸில் கோதுமை இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கல்லீரல் நோயாளிகள், கீமோதெரபி போன்ற சிகிச்சையில் இருப்பவர்கள் பச்சை மீனைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவர்களுக்கும் வேகவைத்த இறால், முட்டை, காய்கறி சுஷி உண்டு.

மற்றவர்கள் உட்காருமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ளலாம். கடைக்குள் மீன் கவிச்சி அடிக்கக் கூடாது. மீன் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி சில்லென்று இருக்க வேண்டும். 'இந்த மீன் எங்கிருந்து வருது, உறைய வைத்ததா?' என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும். உறைய வைத்தது என்று சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். அதுதான் பாதுகாப்பு. பதில் சொல்லத் தெரியாத கடையில் வேகவைத்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. ஆன்லைனில் சுஷி அரிசியும் பாசித் தாளும் கிடைக்கின்றன. தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்தோ நரம்பையிலிருந்தோ வந்த இறாலை நன்றாக வேகவைத்து, வெள்ளரிக்காயோடு சுருட்டினால் அதுவும் முறையான சுஷிதான். மீன் வண்டியில் வந்த வஞ்சிரத்தைப் பச்சையாக நறுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்த மீனில் ஒரு குறையும் இல்லை. அது குழம்புச் சட்டிக்காகப் பிடித்து, குழம்புச் சட்டிக்காக ஐஸ் போட்டு வந்த மீன்.